கிளாஸ்கோவில் என் வீட்டுக்கு வந்தவர்கள்

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் பொங்கல் விழாவில் பி பிளாக்கில் குடியிருக்கும் செவிலியர் ஒருவர் பேசியது. அச்சுக்காகச் சிறிது திருத்தப்பட்டுள்ளது.)

 

செயலாளர் சார் என்னைப் பேசச் சொன்னபோது, "ஸ்காட்லாந்துல மூணு வருஷம் இருந்தீங்களே, படம் போட்டுக் காட்டுங்க, ஊரைப் பத்திச் சொல்லுங்க" என்றார். உட்கார்ந்து படங்களைத் தேடினேன். மலை, ஏரி, கோட்டை எல்லாம் இருந்தது. அவற்றை நீங்கள் யூடியூப்பில் இதைவிட நன்றாகப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். ஒவ்வொரு படத்திலும் என்னைப் பார்க்க வந்த யாராவது ஒருவர் நிற்கிறார். என் தோழிகள் நிற்கிறார்கள், என் கணவர் நிற்கிறார். நான் தனியாக இருந்த மாதங்களில் ஒரு படம்கூட எடுக்கவில்லை. அதனால் வந்தவர்களைப் பற்றியே பேசலாம் என்று முடிவு செய்தேன். இந்த ஹாலில் இருக்கும் சிலருக்கு நான் நேரில் சொல்ல வேண்டிய ஒரு நன்றியும் பாக்கி இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

விருந்தாளி விஷயத்தில் நம் புதுச்சேரிக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஜூலை, ஆகஸ்டு வந்தால் பிரான்சிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து இறங்குவது நமக்குப் பழக்கம். நான் பிறந்தது பாகூர் பக்கம். எங்கள் தெருவில் ஒரு சொல்தா வீடு இருந்தது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர் வீடு. கோடையில் அங்கே பேரப்பிள்ளைகள் வந்தால் தெருவே தயாராகும். ஒரு வீட்டிலிருந்து மெத்தை போகும், இன்னொரு வீட்டிலிருந்து டேபிள் ஃபேன் போகும். எங்கள் ஆயா வடை சுட்டு அனுப்புவார். அந்தப் பிள்ளைகள் எந்த வீட்டில் தூங்கினார்கள் என்று ராத்திரிதான் தெரியும். ஒரு வீட்டு விருந்தாளி என்றால் தெருவுக்கே விருந்தாளி.

இதையெல்லாம் பார்த்து வளர்ந்த எனக்கு, வெளிநாட்டில் இருந்துகொண்டு நான் நாலு பேரை வரவேற்பதில் என்ன கஷ்டம் இருக்கப்போகிறது என்ற நினைப்பு. அந்த நினைப்பு எப்படிக் கலைந்தது என்பதுதான் கதை.

2022 மார்ச்சில் செவிலியர் வேலைக்கு கிளாஸ்கோ போனேன். என் விசாவில் கணவரையும் கூட அழைத்துப் போகலாம், அவர் அங்கே வேலையும் பார்க்கலாம். ஆனால் அவர் இங்கே அரசுப் பள்ளி ஆசிரியர். வேலையை விட முடியாது. அத்தையும் எங்களோடுதான் இருக்கிறார். "மூணு வருஷம் நீ போய்ட்டு வா, லோனை அடைச்சிடலாம்" என்று பேசி முடிவெடுத்தோம். இந்த வீட்டு லோனைத்தான் சொல்கிறேன்.

கிளாஸ்கோவில் நான் இருந்தது 'டெனமென்ட்' என்று சொல்லும் பழைய கல் கட்டடம். நகரத்தில் பெரும்பாலான பழைய குடியிருப்புகள் இப்படித்தான். சிவப்பு அல்லது வெளிர் மஞ்சள் மணற்கல்லில், நூறு நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் கட்டியவை. மூன்று நான்கு மாடி. ஒரே பொது மாடிப்படி, ஒரு தளத்துக்கு இரண்டு மூன்று வீடு. லிப்ட் கிடையாது. அந்தப் பொது வழியையும் மாடிப்படியையும் அவர்கள் 'குளோஸ்' என்பார்கள். என் வீட்டு விலாசத்தில் 2/1 என்று இருக்கும். இரண்டாவது மாடி, முதல் வீடு என்று அர்த்தம். முதல் மாதம் பார்சல்காரரிடம் "ஹாஃப் இல்லை, டூ ஒன்" என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தது.

நம் சங்கத்துக்கு ஒரு தகவல். ஸ்காட்லாந்தில் இதற்கென்றே 2004இல் ஒரு டெனமென்ட் சட்டம் போட்டிருக்கிறார்கள். பத்திரத்தில் வேறு மாதிரி எழுதவில்லை என்றால், கூரை ஒழுகுகிறது, பொதுச் சுவர் பழுது என்றால் பெரும்பான்மை வீட்டுக்காரர்கள் எடுக்கும் முடிவு எல்லோரையும் கட்டுப்படுத்தும். எட்டு வீட்டில் ஐந்து வீடு சரி என்றால் மற்ற மூன்று வீடும் பங்கு கொடுக்க வேண்டும். பொருளாளர் சார் சிரிப்பது எனக்குத் தெரிகிறது.

மாடிப்படியைப் பெருக்கித் துடைப்பது முறை வைத்து நடக்கும். எங்கள் தளத்தில் ஒரு பழைய அட்டை இருந்தது. 'இந்த வாரம் உங்கள் முறை' என்று அதில் எழுதியிருக்கும். துடைத்து முடித்தவர் அதை அடுத்த வீட்டுக் கதவில் மாட்டிவிட்டுப் போவார். சொல்லவும் வேண்டாம், சண்டையும் வேண்டாம். அட்டை வந்தால் வாளியை எடுக்க வேண்டியதுதான்.

முதலில் வந்த விருந்தாளிகள் என்னோடு நர்சிங் படித்த இரண்டு தோழிகள். ஒருத்தி லண்டனில் இருக்கிறாள், இன்னொருத்தி பர்மிங்காமில். 2022 அக்டோபரில் நான்கு நாள் தங்க வந்தார்கள். டெனமென்ட் வீடுகளின் சமையலறைச் சுவரில் ஒரு பெரிய மாடம் மாதிரி குழிவு இருக்கும். அந்தக் காலத்தில் அதற்குள்தான் கட்டில் போட்டுக் குடும்பமே தூங்குமாம். அந்த இடத்தில் மெத்தை விரித்து இருவரையும் படுக்க வைத்தேன். ஆறு மாதம் கழித்து வாய் நிறையத் தமிழ் பேசக் கிடைத்த சந்தோஷம். மணி பத்தரை இருக்கும். லண்டன்காரி ஈஸ்ட் ஹாம் கடையிலிருந்து நெத்திலிக் கருவாடு வாங்கி வந்திருந்தாள். "இப்பவே வறுக்கலாம்டி" என்றாள். வறுத்தோம்.

அந்த வருஷம் பிப்ரவரியிலிருந்து ஸ்காட்லாந்தில் எல்லா வீட்டிலும் ஒன்றோடொன்று இணைந்த தீ அலாரம் இருக்க வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. ஒன்று அடித்தால் வீட்டில் இருக்கும் அத்தனையும் சேர்ந்து அடிக்கும். சமையலறைக் கதவைத் திறந்து வைத்திருந்தோம். மிளகாய்ப் புகை நடையில் போனதும் எல்லாம் ஒரே நேரத்தில் அலற ஆரம்பித்தது. மூன்று பேரும் துண்டை வீசிக்கொண்டு குதிக்கிறோம். கதவைத் திறந்தால் கீழ்வீட்டுக்காரர் இரவு உடையில் நிற்கிறார். எதிர்வீட்டு அம்மா, எழுபது வயதைத் தாண்டியவர், கையில் பூனையோடு படியிறங்கத் தயாராக நிற்கிறார். குளோஸ் முழுக்கக் கருவாட்டு வாசம்.

யாரும் சத்தம் போடவில்லை. அதுதான் எனக்கு ரொம்பக் கூச்சமாகப் போனது. மறுநாள் காலையில் கதவுக்குக் கீழே ஒரு சீட்டு கிடந்தது. கீழ்வீட்டுக்காரர் எழுதியது. 'உங்களுக்கு விருந்தினர் வந்திருப்பதில் மகிழ்ச்சி. எனக்குக் காலை ஐந்து மணிக்கு வேலை. மரத்தளம் என்பதால் பேசுவதெல்லாம் கீழே கேட்கும். அடுத்த முறை முன்கூட்டிச் சொன்னால் நான் பின் அறையில் படுத்துக்கொள்வேன்.' இவ்வளவுதான் விஷயம்.

மனது அடித்துக்கொண்டது. நீங்கள் சத்தம் போடாதீர்கள் என்று அவர் எழுதவில்லை. சொல்லுங்கள், நான் இடம் மாறிப் படுக்கிறேன் என்கிறார். பாகூர் தெருவில் மெத்தையும் ஃபேனும் கொடுத்தார்களே, அதேதான் இது. அங்கே கேட்காமலேயே தெரியும், ஏனென்றால் எல்லோர் கதவும் திறந்திருக்கும். கதவு மூடியிருக்கும் இடத்தில் நாம்தான் போய்ச் சொல்ல வேண்டும். அன்று சாயங்காலம் இரண்டு வீட்டுக்கும் போய் மன்னிப்புக் கேட்டேன். எதிர்வீட்டு அம்மா, "சாவி ஒண்ணு என்கிட்ட கொடுத்து வை, தனியா இருக்கிற பொண்ணு" என்ற அர்த்தத்தில் ஏதோ சொன்னார். கிளாஸ்கோ ஆங்கிலம் எனக்கு அப்போது பாதிதான் புரியும். சாவி என்றது புரிந்தது. கொடுத்தேன். அது பிறகு எங்கே உதவியது என்பதைச் சொல்கிறேன்.

அடுத்து என் கணவர். 2023 மே மாதம், பள்ளி விடுமுறையில் மூன்று வாரம். வைகாசியில் வில்லியனூர் திருக்காமீஸ்வரர் கோயில் தேருக்குள் திரும்பிவிட வேண்டும் என்பது அத்தை போட்ட நிபந்தனை.

பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள் இங்கே பலர் இருப்பதால், ஏற்பாடுகளைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். பார்வையாளர் விசாவில் ஒரு முறைக்கு ஆறு மாதம் வரை தங்கலாம். வேலை பார்க்கக் கூடாது. இணையத்தில் விண்ணப்பித்துவிட்டு, சென்னை மையத்தில் கைரேகை வைக்க வேண்டும். கட்டணம் 2025 ஏப்ரலில் 127 பவுண்டாக உயர்ந்தது, இப்போது எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் முக்கியமாகப் பார்ப்பது, வருகிறவர் திரும்பிப் போவாரா என்பதைத்தான். அதற்கு அவருடைய வேலைச் சான்று, விடுப்பு அனுமதி, வங்கிக் கணக்கு. என் பக்கத்திலிருந்து அழைப்புக் கடிதம், சம்பளச் சீட்டு, வாடகை ஒப்பந்தம் அனுப்பினேன். அரசு ஊழியர் என்பதால் துறையில் முன் அனுமதி வாங்க வேண்டும். அதை முதலில் ஆரம்பியுங்கள், அதற்குத்தான் நாள் பிடிக்கும்.

பயணக் காப்பீடு இல்லாமல் போகாதீர்கள். ஸ்காட்லாந்தில் அவசரப் பிரிவில் பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. ஆனால் நம்மைப் போன்ற வெளிநாட்டுப் பார்வையாளரை வார்டில் சேர்த்தால் பில் வரும். வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளை மருந்துச் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். பால், நெய், இறைச்சி கலந்த பொருள்களை இந்தியாவிலிருந்து கொண்டுபோக அனுமதி இல்லை. பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது. அத்தை ஆசையாகச் செய்த பால்கோவா சென்னையோடு நின்றது. முறுக்கும் பருப்புப் பொடியும் வந்து சேர்ந்தன.

வாடகை வீட்டில் இருக்கும் பிள்ளைகள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. சில நாள் விருந்தாளிக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் பதினாறு வயதுக்கு மேற்பட்ட ஒருவர் அதையே தன் வீடாக வைத்துக் குடியிருக்க வந்தால், வீட்டுக்காரருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று ஸ்காட்லாந்து மாதிரி வாடகை ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஒருவர் மட்டும் இருக்கும் வீட்டுக்கு கவுன்சில் வரியில் 25 சதவீதம் சலுகை உண்டு. விருந்தாளி வந்தால் அது போகாது. குடிவந்தால் போகும். எனக்குத் தேவையில்லாவிட்டாலும் என் வீட்டுக்காரருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டேன். இந்த முறை மாடிப்படி முழுக்கச் சொல்லி வைத்தேன், "என் கணவர் வருகிறார், மூன்று வாரம்" என்று. அத்தனை பேருக்கும் சொன்ன நான், ஒரே ஒருவரிடம் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. அது அவரிடமே.

பதினான்கு மாதம் கழித்துப் பார்க்கிறோம். எனக்கு அங்கே ஆண்டுக்கு 27 நாள் விடுப்பு. அதில் எட்டு நாளை இதற்காகச் சேர்த்து வைத்திருந்தேன். அந்த எட்டு நாளுக்குப் பதினொரு இடம் எழுதி வைத்திருந்தேன். எடின்பரோ கோட்டை, ஸ்டர்லிங், கிளென்கோ, லாக் லோமண்ட் ஏரி என்று பட்டியல். அவர் இவ்வளவு பணம் செலவழித்து வருகிறாரே, எதையும் விட்டுவிடக் கூடாது என்று. போதாததற்கு, கடைசி வெள்ளிக்கிழமை நம் தோழிகள் இருவரும் வரட்டும், எல்லோரும் ஒன்றாக இருக்கலாம் என்று அவர்களிடம் சரி என்று சொல்லிவிட்டேன். அவரிடம் சொல்லவில்லை. வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன்.

எட்டாவது நாள் லாக் லோமண்ட். கிளாஸ்கோவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. அழகான வெயில். அவருக்குப் புது ஷூ காலைக் கடித்துக் கொப்புளம் போட்டிருந்தது. ஏரிக்கரையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். நான் போனில் அடுத்த படகு எத்தனை மணிக்கு என்று பார்த்துக்கொண்டே, "வெள்ளிக்கிழமை அவங்க ரெண்டு பேரும் வர்றாங்க, மூணு நாள் இருப்பாங்க" என்றேன்.

அவர் "சரி" என்றார்.

திருமணமான எல்லோருக்கும் அந்தச் 'சரி' தெரியும். படகில் ஏறவில்லை. ரயிலில் பேசவில்லை. மே மாதக் கடைசியில் அங்கே இரவு ஒன்பதரைக்கு மேல்தான் பொழுது சாயும். வீட்டுக்கு வந்தும் வெளிச்சமாகவே இருந்தது. இருட்டியிருந்தால் பேசாமல் படுத்திருப்போம். சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்து அவர் சொன்னார்: "நான் உன்னைப் பார்க்க வந்தேன். நீ எனக்கு ஊரைக் காட்டிக்கிட்டே இருக்கே. எந்தக் கடையில காய் வாங்குறே, எந்த பஸ்ல டியூட்டிக்குப் போறே, ராத்திரி தனியா எங்க உக்காந்து சாப்பிடுறேன்னு எனக்கு இன்னும் தெரியாது. அங்க திரும்பிப் போய் அம்மா கேட்டா நான் என்ன சொல்லட்டும்? கோட்டை நல்லா இருந்துச்சுன்னா?"

எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு கஷ்டப்பட்டு ஏற்பாடு செய்தால் இப்படிப் பேசுகிறாரே என்று. படுத்த பிறகுதான் அது கோபம் இல்லை, பயம் என்று புரிந்தது. நான் எப்படி வாழ்கிறேன் என்று அவர் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்தப் பட்டியலே. வீடியோ காலில் எப்போதும் சிரித்த முகம்தான் காட்டியிருந்தேன். முதல் டிசம்பரில் மூணே முக்காலுக்கே பொழுது சாய்ந்து, டியூட்டிக்கு இருட்டில் போய் இருட்டில் வந்து, கோட்டுகூடக் கழற்றாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ரொட்டியும் ஊறுகாயும் தின்ற நாட்களை அவரிடம் சொன்னதே இல்லை.

மறுநாள் தோழிகளுக்குப் போன் செய்தேன். வராதே என்று எப்படிச் சொல்வது, சங்கடமாக இருந்தது. லண்டன்காரி சிரித்துவிட்டாள். "ஏன்டி, இதை முதல்லயே சொல்றதுக்கு என்ன? நாங்க வந்தா அவருக்குப் பொழுது போகும்னு நீதானே சொன்னே. நாங்க ஜூலையில வர்றோம், போ." ஒரு நிமிஷப் பேச்சு. அதற்கு இரண்டு வாரமாகப் பயந்திருந்தேன்.

அதோடு என் விடுப்பு முடிந்தது. மூன்று நாள் தொடர்ந்து இரவு டியூட்டி, ஒவ்வொன்றும் பன்னிரண்டரை மணி நேரம். அவர் தனியாக வீட்டில். இரண்டாம் நாள் மதியம் நான் தூங்கும்போது குப்பை போடக் கீழே இறங்கியிருக்கிறார். கதவு தானாகச் சாத்திப் பூட்டிக்கொள்ளும் ரகம். என்னை எழுப்ப மனமில்லாமல் படியிலேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். எதிர்வீட்டு அம்மா பார்த்து, நான் கொடுத்து வைத்த சாவியால் திறந்துவிட்டு, "அஞ்சு மணிக்கு ரெண்டு பேரும் டீக்கு வாங்க" என்று அழைத்தாராம்.

டீதானே என்று இருவரும் நாலரைக்கு ரசம் சாதம் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போனோம். எனக்கும் அதுதான் முதல் அழைப்பு. அங்கே பலர் மாலைச் சாப்பாட்டையே 'டீ' என்பார்கள். மேசை நிறையச் சாப்பாடு. நான் மாட்டிறைச்சி சாப்பிட மாட்டேன் என்று நினைவு வைத்து, சீஸ் போட்ட மக்ரோனி செய்திருந்தார். மேலே இனிப்பு வேறு. மறுத்தால் மரியாதை இல்லை. என் கணவர் இரண்டு தட்டு சாப்பிட்டார். எனக்கு டியூட்டி என்று நான் தப்பித்தேன்.

மறுநாள் காலை எட்டரைக்கு இரவு டியூட்டி முடிந்து வருகிறேன். மாடிப்படி ஈரமாக இருக்கிறது. நிமிர்ந்து பார்த்தால், லுங்கியும் ஸ்வெட்டருமாக என் கணவர் வாளியோடு படி துடைத்துக்கொண்டிருக்கிறார். எங்கள் கதவில் அட்டை தொங்குகிறது. "உன் முறையாம். நீ தூங்கு, நான் பார்த்துக்கிறேன்" என்றார். இந்தப் பேச்சுக்கு ஏற்ற படம் அதுதான். அதைத்தான் நான் எடுக்காமல் விட்டுவிட்டேன்.

அன்று தூங்கவில்லை. சமையலறையில் உட்கார்ந்து அந்த டிசம்பரைப் பற்றி எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், "நானும் ஒண்ணை மறைச்சிட்டேன்" என்றார். ஜனவரியில் அத்தை குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டது அன்றுதான் எனக்குத் தெரியும். ராத்திரி பதினொரு மணி. கரண்ட் இல்லை, லிப்ட் நின்றுபோயிருந்தது, அப்போது நமக்கு ஜெனரேட்டர் வரவில்லை. மூன்றாவது மாடியிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலியில் அத்தையை உட்கார வைத்து, நான்கு பேர் தூக்கிக் கீழே இறக்கியிருக்கிறீர்கள். ஏ பிளாக் அண்ணன் தன் காரை எடுத்திருக்கிறார். அவர் ஆஸ்பத்திரியில் இருந்த ஒன்பது நாளும் எங்கள் வீட்டுக்கு மாறி மாறிச் சாப்பாடு போயிருக்கிறது. பாகூரிலிருந்து நாத்தனார் வந்து சேரும்வரை 204ஆம் நம்பர் ஆன்ட்டி ராத்திரி கூடவே படுத்திருக்கிறார். எனக்குத் தெரிந்தால் வேலையை விட்டுவிட்டு ஓடி வந்துவிடுவேன் என்று அவர் சொல்லவில்லை. நீங்களும் யாரும் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வார்த்தை போடவில்லை, நானும் அந்தக் குழுவில் இருக்கிறேன் என்பதற்காக.

அந்த நான்கு பேரும், அண்ணனும், ஆன்ட்டியும் இப்போது என் எதிரில் உட்கார்ந்திருக்கிறீர்கள். நன்றி. இதைத் தனித்தனியாகச் சொன்னேன். எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன்.

மீதி இருந்த நாளில் எங்கும் போகவில்லை. என்னோடு பஸ்ஸில் ஆஸ்பத்திரி வாசல் வரை வந்தார். ஆல்பர்ட் டிரைவ் கடைகளில் வெண்டைக்காய் விலை விசாரித்தார். கெல்விங்ரோவ் அருங்காட்சியகத்துக்கு நடந்தே போனோம். 1901இல் திறந்தது, நுழைவுக் கட்டணம் கிடையாது. மதியம் ஒரு மணிக்கு அங்கே ஆர்கன் வாசிப்பார்கள். என் ஓய்வு நாளில் நான் தனியாக உட்காரும் நாற்காலியைக் காட்டினேன். அதில் அவர் உட்கார்ந்து முழுக்கக் கேட்டார். ஊருக்கு வந்து அத்தையிடம் சொன்னதும் அந்த நாற்காலியைப் பற்றித்தானாம். தோழிகள் சொன்னபடி ஜூலையில் வந்தார்கள். கருவாட்டை மாலை ஆறு மணிக்கு, சமையலறைக் கதவைச் சாத்தி, ஜன்னலைத் திறந்து வைத்து வறுத்தோம். கீழ்வீட்டுக்காரருக்கு முதல் நாளே சொல்லியாகிவிட்டது.

பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். சுற்றிப் பார்க்கும் பட்டியலை அவர்களிடமே பாதியாகக் குறைக்கச் சொல்லுங்கள். அவர்கள் வேலைக்குப் போகும் நாளிலும் அந்த வீட்டில் இருங்கள். அவர்கள் பாத்திரம் தேய்க்கட்டும், நீங்கள் துடையுங்கள். கூட வேறு யாராவது வருவதாக இருந்தால் முன்பே கேட்கச் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, இங்கே நடந்ததை மறைக்காதீர்கள். அவர்கள் அங்கே மறைப்பதை அப்போதுதான் சொல்வார்கள்.

நம் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். வாசலில் விருந்தாளிகளின் பெயரை வாட்ச்மேன் அண்ணன் எழுதுகிறார், அது பாதுகாப்புக்கு வேண்டியதுதான். அதோடு, சில நாள் தங்க ஒருவர் வருகிறார் என்றால் நாமே பக்கத்து வீட்டிலும் கீழ்வீட்டிலும் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். 'பேரப்பிள்ளைகள் வர்றாங்க, நாலு நாள் ஓட்டம் சாட்டமா இருக்கும்' என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். சொல்லாமல் இருந்தால்தான் குழுவில் செய்தி பறக்கிறது. நம் வீட்டுச் சாவி ஒன்று எதிர்வீட்டில் இருக்கட்டும். மூத்தவர்கள் தனியாக இருக்கும் வீட்டுக்கு இது கட்டாயம்.

பிரான்சிலிருந்தோ வேறு நாட்டிலிருந்தோ வெளிநாட்டுக் குடிமக்கள் வந்து நம் வீட்டில் தங்கினால், 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். 'சி ஃபார்ம்' என்று சொல்லிப் பழகியிருக்கிறோமே, அதுதான். அது ஓட்டலுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறோம். வீட்டில் தங்க வைப்பவர்களுக்கும் உண்டு. தெரியாதவர்கள் என்னிடம் வாருங்கள், சேர்ந்து நிரப்பலாம். நானும் அடுத்த மாதம் ஒன்று நிரப்பப் போகிறேன்.

ஆமாம், எதிர்வீட்டு அம்மா வருகிறார். பத்து நாள் எங்களோடு தங்குவார். சங்கராபரணி ஆற்றையும் வில்லியனூர்க் கோயிலையும் பார்க்க வேண்டும் என்று என் கணவர் சொல்லி வைத்திருக்கிறார். நான் பட்டியல் எதுவும் போடவில்லை. இது உங்களுக்கு முன்கூட்டிச் சொல்வது. படியில் பார்த்தால் பேசுங்கள், அவர் ஆங்கிலம் புரியாவிட்டால் கவலை வேண்டாம், எனக்கும் ஒரு வருஷம் புரியவில்லை. அவரை டீக்குக் கூப்பிட்டால், கொஞ்சம் இட்லியும் சேர்த்து வைத்துவிடுங்கள்.